அன்னையரின் ஆங்கிலப் பாட்டு

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் நிறைந்த தெருக்களில், விடியற்காலையில் தொடங்கும் ஓசை இரவு வெகுநேரம் வரை ஓய்வதில்லை. அத்தெருக்களில் வாழும் பெண்கள் எதைப் பாடினாலும் சற்று உரக்கவே பாட வேண்டும். இல்லையேல் அவர்கள் பாட்டு அவர்களுக்கே கேளாது. அத்தகைய தெருவொன்றில், நமக்கு வேண்டிய ஓர் இல்லத்தின் திண்ணையில் அண்மையில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தோம். அடுக்களையிலிருந்து பாட்டுக் கேட்டது. பாடியவர் நாற்பத்தைந்து வயதை எட்டிய அவ்வீட்டு அம்மையார். பாட்டு ஞானப்பாட்டன்று, திரைப்பாட்டுமன்று, ஆங்கிலப் பாட்டு. கல்லூரியில் பயிலும் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்த வயசுல ஒனக்கு இங்கிலீஷ் பாட்டு ஒரு கேடா?" என்றார் கணவர். சினந்து சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். பாட்டு நின்றது. பிறகு கரண்டியின் ஓசை மட்டும் கேட்டது.

வேடிக்கைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் நேயர்களே, நாற்பதைக் கடந்த நம் பங்குப் பெண்மணிகளிடம் சற்று வினவிப் பாருங்கள். கார்ப்பென்டர்ஸ், சுவீடன் நாட்டின் 'அபா' குழுவினர், போனி எம், செலின் டியோன், டென்மார்க்கிலிருந்து வந்த மைக்கேல் லேர்ன்ஸ் டு ராக் ஆகிய பெயர்கள் கணவன்மாருக்குப் புதியனவாக இருக்கலாம். மனைவியருள் பலருக்கு அவை பழைய தோழியரின் பெயர்கள் போன்றவை. பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ விடுதியில் தங்கிப் படித்தவர்களிடம் இப்பற்று மிகுதி. அவர்கள் இப்பாடல்களை ஏன் விடாது வைத்திருக்கின்றனர், வீட்டிலுள்ளோர் அதை எவ்வாறு கொள்ள வேண்டும் என்பதையே இத்திங்கள் பேச எண்ணினோம்.

முதலில், இப்பாடல்கள் நம் பக்கம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1952ஆம் ஆண்டில் நடுவண் அரசின் ஒலிபரப்புத்துறை அமைச்சரான கேஸ்கர் அவர்களுக்குத் திரைப்பாடல்கள் என்றால் ஆகாது. அகில இந்திய வானொலியில் அவை அருகின. 1957இல் விவித் பாரதி தோன்றும்வரை நம் மக்கள் பாட்டுக்காகக் கொழும்பை நாடினர். கடலுக்கு அப்பால் மிக அருகிலிருந்த நிலையமாதலால் தென்பாண்டிச் சீமையில் அது தெளிவாகவே கேட்டது. மயில்வாகனம், பின்னாளில் அப்துல் ஹமீது ஆகியோரின் குரலை அறியாத நெல்லை வீடு அக்காலத்தில் அரிது. தமிழ்ச் சேவையில் நின்ற முள்ளைச் சிறிது நகர்த்தினால் ஆங்கிலச் சேவை. அங்கே வெர்னன் கொரயா போன்ற அறிவிப்பாளர்கள், அவ்வாரத்தில் மேனாடுகளில் புகழ்பெற்ற பாடல்களை ஒலிபரப்பினர். இன்று பாட்டியராயுள்ள பெண்கள் ஜிம் ரீவ்ஸையும் கிளிஃப் ரிச்சர்டையும் கேட்டது அவ்வழியில்தான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிளிஃப் ரிச்சர்டு 1940இல் இலக்னோவில் பிறந்தவர். சிறுவயதில்தான் இங்கிலாந்து சென்றார். பெண்கள் உருகிக் கேட்ட எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936இல் பிறந்தது நம் சென்னையில். மேனாட்டுப் பாட்டு என்று நாம் தள்ளி வைத்தவற்றுள் சில, மேற்கே புறப்படுமுன் நம் காற்றைச் சுவாசித்தவர்கள் பாடியவையே.

இன்று நாற்பதுகளில் இருப்போர் 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் முற்பகுதியிலும் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பாட்டு வந்தது ஒலிநாடா வழியாக. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் உலகுக்கு அளித்த அச்சிறு பேழை, 1980களில் நம் நாட்டில் எளியோர் வாங்கும் விலைக்கு இறங்கியது. அண்ணன் சென்னையிலிருந்து கொண்டு வந்த போனி எம். மாமா வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பிய அபா. விடுதித் தோழியிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத கார்ப்பென்டர்ஸ். பின்னர் 1990களில் கேபிள் தொலைக்காட்சி நுழைந்தது. 1997இல் வெளியான 'டைட்டானிக்' திரைப்படம் அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்தபோது, செலின் டியோனின் குரலைக் கேளாத கல்லூரி மாணவியே இல்லை எனலாம். ஆகவே இப்பெண்கள் தம் தாயரின் பாட்டையும், தமையன்மாரின் பாட்டையும், தம் காலத்துப் பாட்டையும் ஒருங்கே பெற்றவர்கள்.

அக்காலத்துப் பாட்டு நோட்டை நினைவுகூர்வோர் உண்டு. ஒரு வரி கேட்பது, பொத்தானை அழுத்தி நிறுத்துவது, எழுதுவது, ஐயம் வந்தால் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் கேட்பது. மின்கலம் தீர்ந்துவிடும் என்று அஞ்சி, நாடாவைச் சுற்றுவதற்குப் பென்சிலைத் துளையில் செருகிச் சுழற்றுவர். எழுதியதில் பாதி பிழை. பொருள் தெரியாத இடத்தில் காதில் விழுந்த ஓசையை அப்படியே தமிழெழுத்தில் எழுதி வைத்தவர்களும் இருந்தனர். ஆயினும் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்து, ஆங்கிலம் பேச நாக்கூசிய எத்தனையோ பெண்களுக்கு முதன்முதலில் அம்மொழியை வாய்விட்டுச் சொல்லத் துணிவு தந்தது வகுப்பறையன்று, அந்த நோட்டுத்தான். பேச்சில் பிழை வந்தால் பிறர் சிரிப்பர். பாட்டில் பிழை வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை.

மனிதன் தன் முதுமையில் எவற்றை மிகுதியாக நினைவுகூர்கிறான் என ஆராய்ந்த உளநூலார், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தின் நினைவுகளே ஏனையவற்றினும் திரண்டு நிற்கின்றன என்று கண்டுள்ளனர். அவற்றுள்ளும் அக்காலத்தில் கேட்ட பாட்டுக்குத் தனி இடம் உண்டு. ஆடவருக்கும் இது பொருந்தும். ஆயினும் நம் நாட்டில் ஆணின் இருபதாவது வயதுக்கும் நாற்பதாவது வயதுக்கும் இடையே பெரும்பாலும் வீடு மாறுவதில்லை, தெரு மாறுவதில்லை, பள்ளித் தோழர்கள் மாலையில் தேநீர்க் கடையில் கிடைப்பர். பெண்ணுக்கோ எல்லாம் மாறுகின்றன. பிறந்த வீடு போய்ப் புகுந்த வீடு வருகிறது. பெயரின் முன்னெழுத்தும் மாறுகிறது. தோழியர் திசைக்கொருவராகச் சிதறுகின்றனர். சீர்வரிசையில் பாத்திரங்களை எண்ணி வாங்குகிறோம். கட்டிலையும் பீரோவையும் எண்ணி வாங்குகிறோம். பட்டியலில் எழுதாமல், எவரும் எண்ணாமல் அவள் கொண்டு வந்தது அப்பாட்டு ஒன்றுதான். அதையும் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வா என்பது என்ன நியாயம்?

இதைச் சொல்லும்போது போனி எம் குழுவினரின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' என்னும் பாடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1978இல் வெளிவந்து, இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு அது. துள்ளலான தாளத்தைக் கேட்டு, அது வெறும் ஆட்டப்பாட்டு என்று எண்ணியவர் பலர். உண்மையில் அது திருவிவிலியத்தின் 137ஆம் திருப்பாடல். பழைய பதிப்புகளில் 136 என எண்ணிடப்பட்டது. எருசலேம் அழிந்தபின் பாபிலோனுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள், ஆற்றங்கரையில் அமர்ந்து தாய்நாட்டை எண்ணி அழுத புலம்பல். அதனை 1970இல் முதலில் பாட்டாக்கியவர்கள் ஜமைக்கா நாட்டின் மெலோடியன்ஸ் குழுவினர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்குப் பாபிலோன் என்பது பழங்கதையன்று. பின்னர் ஜெர்மானியரான ஃபிராங்க் ஃபேரியன் அதனைப் போனி எம் குழுவுக்காக எடுத்தார். அக்குழுவின் நால்வரும் கரீபியத் தீவுகளில் பிறந்தவர்கள். லிஸ் மிட்செலின் குரலே அதில் ஓங்கி நிற்கும்.

எபிரேயப் புலம்பல் ஜமைக்காவுக்குச் சென்று, ஜெர்மனியில் பதிவாகி, ஒலிநாடாவில் ஏறித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்திருக்கிறது. வழியில் அது ஒன்றை உதிர்த்துவிட்டது. திருப்பாடலின் இறுதி அடிகள் பகைவர்மீது கொடிய பழிதீர்ப்பை வேண்டுபவை. படிப்போர் உள்ளம் நடுங்கும். பாட்டோ அவ்விடத்தை அணுகாமல் 19ஆம் திருப்பாடலின் இறுதி வேண்டுதலுக்குத் தாவிவிடுகிறது. இசையமைத்தோர் எண்ணிச் செய்தார்களோ எண்ணாமல் செய்தார்களோ, நமக்கு அது நல்ல வேலையாகவே படுகிறது.

அத்திருப்பாடலில் சிறைப்பிடித்தவர்கள் சிறைப்பட்டோரை நோக்கி, உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்கின்றனர். அவர்களோ பாட மறுத்து யாழை மரத்தில் தொங்கவிடுகின்றனர். நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. மருமகளாய் வந்தவள் பாட விரும்புகிறாள். நாம் வேண்டாம் என்கிறோம். புகுந்த வீட்டைப் பாபிலோன் என்று சொன்னதாக மாமியார்கள் நம்மீது சினங்கொள்ள வேண்டா. அவர்களும் ஒருநாள் யாழைத் தொங்கவிட்டவர்களே.

இதே குழு அதே 1978ஆம் ஆண்டில் பாடிய 'மேரிஸ் பாய் சைல்டு' கிறிஸ்துமஸ் காலத்தில் இன்றும் நம் ஊர்க் கடைகளில் ஒலிக்கிறது. அதனை முதலில் எழுதியவர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தவர்களின் பேரன். 1950களில் ஹாரி பெலஃபான்டே பாடிப் புகழ்பெறச் செய்தார். துணிக்கடை விளம்பரங்களுக்கிடையே அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், இதையும் அறிந்து ஒருமுறை கேட்டால் காது வேறாகும்.

மேனாட்டுப் பாட்டைப் பாடுகிறவள் நம் வழக்கங்களை விட்டவள் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்தை உடைத்தவர் ஒரு தமிழ்ப் பெண். உஷா உதுப் 1947இல் மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் அவருடைய கனத்த குரல் பொருந்தாது என்று இசை வகுப்பிலிருந்து விலக்கப்பட்டதை அவரே பலமுறை கூறியிருக்கிறார். வீட்டில் வானொலிப் பெட்டியே அவருக்கு ஆசிரியர். இலங்கை வானொலியையும் கேட்டு வளர்ந்தவர். 1969இல் சென்னை அண்ணா சாலையில், அன்றைய மவுண்ட் ரோட்டில், 'நைன் ஜெம்ஸ்' என்னும் இரவு விடுதியில் மேடையேறினார். பட்டுப்புடவை, கூந்தலில் பூ, கைநிறைய வளையல், நெற்றியில் பொட்டு. அக்கோலத்தில் நின்று ஆங்கிலப் பாட்டைப் பாடினார். இரவு விடுதி என்றதும் முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். அங்கே வந்தவர்களும் முதலில் வியப்புற்றுத்தான் இருப்பர். பின்னர் கொல்கத்தாவின் டிரிங்காஸ் அவரை அழைத்தது; அந்நகரமே அவருக்கு ஊராயிற்று. 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. காஞ்சிப் பட்டை மட்டும் அவர் மாற்றவேயில்லை.

நம் சமயத்தைச் சார்ந்த எல். ஆர். ஈஸ்வரியையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. இயற்பெயர் லூர்து மேரி இராஜேஸ்வரி. மேனாட்டு ஆட்டத் தாளங்கள் 1960களில் தமிழ்த் திரையில் புகுந்தபோது அவற்றுக்கு ஈடுகொடுத்த குரல் அவருடையது. ஆடி மாதம் பிறந்தால் தமிழகத்து அம்மன் கோயில்களில் ஒலிபெருக்கி வழியே எழுவதும் அதே குரல். ஆடித்தபசுக்குப் பெயர்பெற்ற நம் சங்கரன்கோவிலில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் பாட்டு யாருக்கு உரியது என்று கோடு கிழிக்க முற்படுவோர் ஆடி மாதத்தில் நம் ஊர் வீதியில் ஒரு மாலை நடந்து பார்க்கலாம்.

பாட்டோடு பாடியவர்களின் வாழ்க்கையும் நம் பெண்களுக்கு இப்போது தெரியவருகிறது. இளமையில் குரலை மட்டும் கேட்டனர். நாற்பது வயதில் கையிலுள்ள தொலைபேசியில் வரலாற்றையும் படிக்கின்றனர். அவ்வரலாறுகளுள் ஒன்று நம் வீடுகளுக்கு மிக அருகில் வருவது.

கார்ப்பென்டர்ஸ் என்பது அண்ணன் தங்கை இருவரின் குழு. தங்கை கேரன் முதலில் முரசு வாசித்தவர். பின்னரே முன்னே வந்து பாடினார். 1973இல் அவர்கள் வெளியிட்ட 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்', இளமையில் வானொலியருகே காத்திருந்து கேட்ட பாட்டு மீண்டும் ஒலிக்கும்போது எழும் ஏக்கத்தைப் பற்றியது. அன்று அதைக் கேட்ட பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஏங்குவதற்குப் பழையது எதுவும் இல்லை. இன்று அப்பாட்டே அவளுடைய பழையது. பாட்டு தன் பொருளைப் பெறுவதற்கு இத்தனை ஆண்டுகள் அவளுக்காகக் காத்திருந்தது போலும்.

அத்துணை அமைதியாகப் பாடிய கேரனின் வாழ்வு அமைதியாக இல்லை. தன் உடல் பருமனாயிருக்கிறது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. உணவைக் குறைத்தார், மேலும் குறைத்தார். 1975இல் அவருடைய எடை 41 கிலோ அளவுக்கு இறங்கியது. அயல்நாட்டு நிகழ்ச்சிகளைக் கைவிட நேர்ந்தது. 1983 பிப்ரவரி 4ஆம் நாள், பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்து மாண்டார். வயது 32. உணவை ஒறுத்ததனால் இதயம் தளர்ந்து போயிருந்தது. அனொரெக்சியா நெர்வோசா என்னும் அந்நோயின் பெயரை உலகத்தில் பலர் முதன்முறையாகக் கேட்டது அவருடைய மரணச் செய்தியில்தான்.

இதனை இங்கு எழுதக் காரணம் உண்டு. நம் மகளிர் விடுதிகளிலும் இல்லங்களிலும், "குண்டாயிட்டேன்" என்று காலையுணவைத் தள்ளும் பெண்பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். தொலைபேசியில் காணும் உருவங்களோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தாய் கண்டித்தால் பழங்காலத்துப் பேச்சு என்பார்கள். ஆனால் அதே தாய், தான் பதினாறு வயதில் விரும்பிக் கேட்ட ஒரு பாடகியின் பாட்டைப் போட்டுக் காட்டி, இவளுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா என்று சொன்னால் பிள்ளை கேட்கும். உடல் எடை அஞ்சத்தக்க அளவில் குறைந்து, மாதவிலக்கும் நின்று, உணவைக் கண்டாலே பிள்ளை அஞ்சும் நிலை தோன்றினால் பாட்டும் கதையும் போதா. மருத்துவரிடமே அழைத்துச் செல்ல வேண்டும். அது பிடிவாதமன்று, நோய்.

அபா குழுவினரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1974இல் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்ற அந்நால்வரும் இரு இணையர். பின்னர் இரு திருமணங்களும் முறிந்தன. பிரிந்த மணவாழ்வைப் பற்றிக் கணவர் எழுதிய பாட்டைப் பிரிந்த மனைவியே பாட நேர்ந்தது. 1980இல் வெளிவந்த 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' அதுவே. துயருற்ற தோழியைத் தேற்றும் 'சிக்கித்தீத்தா' பாடலின் வருவாயில் பாதியை, அனைத்துலகச் சிறுவர் ஆண்டான 1979இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதிக்கு அளிக்க அவர்கள் உறுதி கூறினர். அழகுப் பாவைகள் ஆடிப் பாடினர் என்று மட்டும் அவர்களை எண்ணியிருந்தோர் இதையும் அறிக.

செலின் டியோனின் கதையே நம் அன்னையர் பெரிதும் கண்கலங்கிச் சொல்வது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பதினான்கு பிள்ளைகள் பிறந்த எளிய கத்தோலிக்கக் குடும்பத்தில் கடைக்குட்டி. வீட்டில் பிரெஞ்சு மொழிதான். அவர் பன்னிரண்டு வயதில் பாடிய முதற்பாட்டை எழுதுவதில் தாயும் கைகொடுத்தார். ஆங்கிலத்தைப் பின்னர் முயன்று கற்றவர். தமிழ்வழியில் படித்து வந்த நம் பெண்கள் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிய பாட்டைப் பாடியவரும் அம்மொழியைப் புதிதாகக் கற்றவரே என்பது எவ்வளவு பொருத்தம்! 2016 ஜனவரியில் கணவர் புற்றுநோயால் இறந்தார். இரண்டு நாள் கழித்துத் தமையனார் ஒருவரும் இறந்தார். மூன்று மகன்களோடு நின்றார் அப்பெண். 2022 இறுதியில், தசைகளை விறைக்கச் செய்யும் அரிய நோயொன்று தம்மைத் தாக்கியுள்ளதை வெளியிட்டார். பாடுவதற்குரிய தசைகளும் அதற்கு விலக்கல்ல. இனிப் பாடமாட்டார் என்றே பலரும் எண்ணினர். 2024 ஜூலை 26ஆம் நாள் இரவு, மழையில் நனைந்த பாரிஸ் நகரில், ஒலிம்பிக் தொடக்க விழாவின் முடிவில் ஈஃபில் கோபுரத்தில் நின்று அவர் பாடினார். நள்ளிரவைக் கடந்து விழித்திருந்து நம் நாட்டில் அதைக் கண்ட பெண்களுள் சிலர் அழுததாகச் சொல்கின்றனர். அருகில் உறங்கிய கணவன்மார் அறிந்திருக்க மாட்டார்கள்.

எல்லா மேனாட்டுப் பாட்டும் நல்ல பாட்டு என்று நாம் வாதாட வரவில்லை. பொருளறிந்தால் நாணத்தக்கவை உண்டு. பொருளே இல்லாதவையும் மிகப் பல. போனி எம் பாடிய 'ரஸ்புடின்' வரலாற்றைக் கேலிக்கூத்தாக்குவது; 1978 டிசம்பரில் அவர்கள் மாஸ்கோவில் பாடியபோது அதை மட்டும் விட்டுவிட வேண்டியதாயிற்று. ஆனால் தமிழ்த் திரைப்பாட்டில் இக்குறை இல்லையா? அதைத் தாளம்போட்டு இரசிக்கும் வீட்டுத் தலைவர், ஆங்கிலப் பாட்டுக்கு மட்டும் ஒழுக்க நூலைத் திறப்பது பொருந்தாது. அன்னையரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் கொரிய நாட்டுப் பாட்டைச் சீனப் பாட்டு என்று நீங்கள் ஏளனம் செய்கிறீர்கள். அவளும் பொருள் தெரியாத ஓசையைத் தமிழெழுத்தில் எழுதிப் பழகுகிறாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் தாயார் உங்களைக் கண்டித்த அதே சொற்கள் உங்கள் வாயிலிருந்து வருகின்றனவா என்று கவனியுங்கள்.

பழைய ஒலிநாடாக்களைப் பற்றிக் கடைசியாகச் சில செய்திகள். பிறந்த வீட்டுப் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் அவை இன்னும் கிடக்கின்றன. விலைபோகாதவை என்று பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒவ்வொன்றையும் கேட்டுவிடுங்கள். பாட்டு எளிதில் கிடைக்கும். ஒரு நொடியில் தொலைபேசியில் வரும். ஆனால் அந்நாளில் வளைகுடாவுக்குப் போனவர்களுக்குக் கடிதத்திற்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய குடும்பங்கள் பல. போனி எம் நாடாவின் பின்பக்கத்தில் இறந்துபோன தந்தையின் குரல் இருக்கலாம். பாட்டின் நடுவில், தெரியாமல் பொத்தான் அழுந்திப் பதிவான அடுக்களைப் பேச்சு இருக்கலாம்.

மேல்விளிம்பின் இரு மூலைகளிலும் உள்ள சிறு பற்களை முதலில் ஒடித்துவிடுங்கள். ஒடித்தால் தவறுதலாக மேலே வேறெதுவும் பதிவாகாது. நாடாவில் வெண்ணிறப் பூஞ்சை தெரிந்தால் கருவியில் போட வேண்டா. அது கருவியையும் கெடுத்து, அடுத்த நாடாவுக்கும் பரவும். நெடுநாள் சுற்றாத நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். பென்சிலைச் செருகிக் கையால் மெல்லச் சிறிது சுழற்றிப் பார்த்த பின்னரே ஓட்டுங்கள். தொண்ணூறு நிமிட நாடா அறுபது நிமிட நாடாவைவிட மெலிந்தது; எளிதில் அறும். கருவியின் தலைப்பகுதியைப் பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியருகே நாடாக்களை வைக்கலாகாது. அதிலுள்ள காந்தம் பதிவை அழிக்கும். காதொலிப்பான் மாட்டும் துளையிலிருந்து ஒரு கம்பி வழியாகக் கணினிக்கு ஒலியை ஏற்றலாம். ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர் சிலரும் இதைச் செய்து தருவர். பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்திவிடாமல், நாடாவின் கடைசிவரை ஓட விடுங்கள்.